தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீன் திறந்திருக்கும்

எங்கள் சபாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். செயலாளர் கோபித்துக்கொள்வார். மயிலாப்பூரில் இருக்கிறது, டிசம்பரில் கூட்டம் வரும், கேன்டீனில் ரவா தோசை நன்றாக இருக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

என் பெயர் கோதண்டம். அங்கே முப்பது வருஷம் மைக் செட் பார்த்தேன். சம ரசனைச் சட்டம் வந்ததும் என்னைச் 'சம இருக்கை அலுவலர்' ஆக்கினார்கள். சம்பளம் அதேதான், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை மட்டும் புதிதாகக் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் பத்து இருக்கைகள் என் பொறுப்பு. காது கேளாதவர், கண் தெரியாதவர் யாராக இருந்தாலும் அங்கே உட்கார்ந்து கச்சேரியை மற்றவர்களுக்குச் சமமாக ரசிக்கலாம். காது கேளாதவருக்கு ஒரு சட்டை உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் மேடையில் நடப்பது முதுகிலும் விலாவிலும் இறங்கி, அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய், காது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடும். முதன்முதலில் போட்டுப் பார்த்தவர் தேம்பி அழுதார் என்று கம்பெனிக்காரன் சொன்னான். கம்பெனிக்காரன் சொன்னதை எல்லாம் நம்புகிற வயது எனக்கு இல்லை.

மூன்று வருஷமாக ஒரு காது கேளாதவரும் வரவில்லை. கச்சேரி என்று ஒன்று தங்களுக்காகவும் நடக்கிறது என்பதை யார் அவர்களிடம் போய்ச் சொன்னார்கள்? ஏழாம் எண் இருக்கையில் செயலாளரின் மாமியார் உட்கார்ந்துகொண்டிருந்தார். அதன் மெத்தை இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணின் பெயர் முத்தரசி, மிருதங்கம் வாசிப்பவள், இருபத்தாறு வயது. டிசம்பர் பதினெட்டாம் தேதி நாலு மணிக் கச்சேரியில் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியமாக அவள் பெயர் போட்டிருந்தது. அம்மா பிரம்மசக்தி, தூத்துக்குடிக்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். திருவான்மியூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை.

"அம்மாவுக்கு அந்தச் சட்டை வேணும் சார். நான் வாசிக்கறத அவங்க ஒரு தடவை கேக்கணும்" என்றாள் முத்தரசி.

"தாராளமா. அதுக்குத்தானே நான் உக்காந்திருக்கேன்."

அந்த அம்மாள் மகளை விலக்கிவிட்டுத் தன் போனில் தட்டி என்னிடம் காட்டினார். 'பதினெட்டு வருசமா வாசிக்கா. நல்லா வாசிக்கான்னு எல்லாரும் சொல்லுதாங்க. மத்தவங்க சொல்லுதத வச்சு நான் ஒரு சட்டையக்கூட பாஸ் பண்ணதில்ல அண்ணாச்சி.'

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இந்தச் சட்டை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியது என் கடமை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல முத்தரசி கையசைத்து அம்மாவுக்குச் சொன்னாள்.

"வாசல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கைப்பட்டை கட்டுவோம். நாடி, மூச்சு, தோல் சிலிர்க்கறது எல்லாத்தையும் அது பாத்து, இவர் இப்போ நூத்துக்கு எத்தனை ரசிக்கறார்னு புள்ளி போடும். எல்லார் புள்ளிக்கும் சராசரி எடுத்து, அந்த அளவுக்கு உங்க சட்டை உங்களுக்குக் கொடுக்கும்."

அம்மா கையசைத்தார். முத்தரசி மொழிபெயர்த்தாள். "எதுக்குச் சராசரி? இருக்கறத அப்படியே கொடுத்தா என்னன்னு கேக்கறாங்க."

"மொதல்ல அப்படித்தான் கொடுத்தோம்மா. ஒரு ஊர்ல ஒரு வக்கீல் கேஸ் போட்டாரு. பக்கத்து சீட்ல சட்டை போட்டு உக்காந்திருந்த காது கேக்காதவரு தன்னைவிட அதிகமா ரசிச்சிட்டாராம். ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு ரசனையான்னு கேட்டாரு. கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம் கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு சட்டத்துல திருத்தம் வந்துடுச்சு."

அம்மா நான் சொன்னதை யோசித்தார். பிறகு மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் சொல்லத் தயங்கினாள்.

"என்னம்மா?"

"அந்த வக்கீலுக்குக் காது கேக்குமான்னு கேக்கறாங்க."

அவர்கள் போன பிறகு பழைய கச்சேரிகளின் வரைபடங்களைப் புரட்டினேன். ஒரு அக்கறைதான். அப்போதுதான் சிக்கல் புரிந்தது.

கச்சேரிக்கு வந்து பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரதான உருப்படி முடிந்ததும் பாடகி பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கக்காரருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் விட்டுக்கொடுப்பார். அதுதான் தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் தன் வித்தை முழுவதையும் காட்டுகிற இடம். ரசிகர்களைப் பொறுத்தவரை அது காபி சாப்பிடுகிற இடம். முதல் தீர்மானம் என்கிற முத்தாய்ப்பு விழுவதற்குள் பாதி மண்டபம் கேன்டீன் வரிசையில் நிற்கும். எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, மிருதங்கக்காரரைத் தவிர.

எந்த வரைபடத்தை எடுத்தாலும் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் சராசரி பள்ளத்தில் விழுந்து கிடந்தது. நாற்பது, முப்பத்தெட்டு, பன்னிரண்டு, நாலு. கேன்டீனுக்குப் போனவர்களும் கணக்கில் உண்டு. அங்கே செயலாளர் ஒரு ஸ்பீக்கர் மாட்டி, ஒலி கேட்கும் இடமெல்லாம் மண்டபம்தான் என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கியிருந்தார். அப்படி எழுதினால்தான் இத்தனை பேர் உட்காரும் சபா என்று சொல்லிக்கொள்ள முடியும். போண்டாவால் வரும் ரசனையைக் கைப்பட்டை தனியாகக் கழித்துவிடும். அந்த மட்டும் நல்ல கருவி.

ஆக, பிரம்மசக்தி அம்மாள் பாட்டைக் கேட்பார், வயலினைக் கேட்பார். மகள் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் சட்டை செத்துவிடும். கெட்டுது போங்கள்!

செயலாளரிடம் போனேன். "சார், பதினெட்டாம் தேதி தனி ஆவர்த்தனம் நடக்கறப்ப மட்டும் கேன்டீனை மூடி வைக்கலாமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கோதண்டம், உமக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"ஒரு பன்னெண்டு நிமிஷம் சார்."

"ஓய், தனிக்குக் கேன்டீனை மூடினா சபாவையே மூடிட்டுப் போகலாம். ஜனங்க எழுந்துண்டு எங்க போவா? உள்ளேயே உக்காந்துண்டு இருக்கணுமா? பாவம்யா அவா!"

முத்தரசியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நகத்தைக் கடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எழுந்து போறத நிறுத்த முடியாது சார். எனக்குத் தெரியும், எட்டு வருஷமா அவங்க முதுகுக்குத்தான் வாசிக்கறேன்" என்றாள். "போறவங்க கணக்குல வராம இருக்கணும்னா என்ன வழி?"

"கேன்டீன் ஸ்பீக்கர் ஓடலைன்னா கேன்டீன் மண்டபம் இல்ல. அங்க இருக்கறவங்களும் கணக்குல இல்ல." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அந்த ஸ்பீக்கருக்கு வயர் இழுத்தவனே நான்தான்.

"அப்போ உள்ள மிச்சம் இருக்கறவங்க?"

"அதுல மூணு நாலு பேர் தூங்கறவங்க. தூங்கறவங்களுக்கும் புள்ளி உண்டு, ரெண்டோ மூணோ வரும். அப்புறம் சப்தரிஷி சார்."

சப்தரிஷி எங்கள் தேர்வுக் குழுத் தலைவர். வித்வான். நாலு மணிக் கச்சேரி வாசிப்பவர்களில் யாரை அடுத்த வருஷம் பெரியவர்கள் வாசிக்கிற ஆறரை மணிக்கு ஏற்றுவது என்று அவர்தான் முடிவு செய்வார். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாத ஒரே மனிதர். கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவருடைய புள்ளி எப்போதும் ரெண்டு. அவர் ரசித்து மனிதர்களும் பார்த்ததில்லை, கைப்பட்டையும் பார்த்ததில்லை.

"அவரு உள்ள இருந்தா உங்கம்மா சட்டை அவரையும் சேத்துத்தான் சராசரி எடுக்கும். கீழதான் இழுக்கும்" என்றேன்.

"அப்ப அவரையும் அனுப்பிடுங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவர் கேட்டாத்தான் உனக்கு அடுத்த வருஷம். அவரும் போயிட்டா நீ காலி மண்டபத்துக்கு வாசிப்பே. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். அவர் என்ன, பதினெட்டு வருஷமாவா காத்துட்டு இருக்காரு?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

பதினெட்டாம் தேதி நூற்று நாற்பது பேர் வந்தார்கள். அன்று பார்த்து அரசாங்கத்திலிருந்து ரசனை ஆய்வாளர் ஜெபக்கனியும் வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். கையில் விதிப்புத்தகம், அதில் பல நிறங்களில் அடையாளத் தாள். இங்கே முதன்முறையாகச் சம இருக்கையில் உண்மையாகவே ஒருவர் உட்காரப்போகிறார் என்று கேள்விப்பட்டு வந்தாராம். என்னுடைய கண்ணாடி அறையில் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செயலாளரின் மாமியாரை ஆறாம் எண்ணுக்கு மாற்ற இருபது நிமிஷம் ஆயிற்று. ஏழாம் எண்ணில் பிரம்மசக்தி அம்மாள் சட்டையைப் போட்டுக்கொண்டு முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். கச்சேரி ஆரம்பித்தது. சராசரி முப்பத்தாறு. முதல் உருப்படி முடிந்ததும் அவர் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைத் தேடி, போனை உயர்த்திக் காட்டினார். பெரிய எழுத்தில் தட்டியிருந்தார். 'எல்லாரும் இவ்வளவுதான் கேக்காங்களா?'

நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் பரிதாபமாகச் சுற்றிலும் பார்த்தார்.

ஐந்தேகாலுக்குத் தனி ஆவர்த்தனம் ஆரம்பமானது. முத்தரசி மிருதங்கத்தை ஒரு முறை தட்டிச் சரிபார்த்தாள். எதிர்பார்த்தது போலவே ஜனங்கள் எழுந்தார்கள். பாடகி தாளம் போட்டபடி போகிறவர்களுக்குப் புன்னகை செய்தார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு வயரை உருவினேன்.

"என்ன செய்றீங்க?" என்றார் ஜெபக்கனி.

"கேன்டீன் ஸ்பீக்கர் மேடம். திடீர்னு நின்னுபோச்சு."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "ஒலி போகலைன்னா கேன்டீன் மண்டபத்துல சேராது. அங்க இருக்கறவங்க கணக்குல வர மாட்டாங்க."

"அப்படிங்களா மேடம்?"

"பிரிவு பதினொண்ணு. எழுதிக்கிறேன்."

கேன்டீனில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட, ஸ்பீக்கர் நின்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை.

அடுத்து தூங்குகிறவர்கள். வலது பக்கத்து ஏசியை நிறுத்தினேன். ஒரு நிமிஷம் தாங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சட்டைக் காலரை உதறியபடி, ஏசி இருக்கிற கேன்டீனுக்கு நடந்தார்கள். செயலாளரின் மாமியாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சராசரி ஆறு. நாலு. இரண்டு.

மிச்சம் சப்தரிஷி. வாட்ச்மேனை அனுப்பி, வாசலில் அவர் கார் வழியை மறிக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று காதோடு சொல்லச் சொன்னேன். ஆம்புலன்ஸ் என் சொந்தச் சரக்கு. அவர் கண்ணைத் திறந்தார். மேடையைப் பார்த்தார். முத்தரசியும் அவரைப் பார்த்தாள். கை வாசித்துக்கொண்டே இருந்தது, முகம் மட்டும் ஒரு கணம் வெளுத்துப் போயிற்று. அடுத்த வருஷம் எழுந்து நடந்து போவதை அவள் கண்ணால் பார்த்தாள். எனக்கே அவரை ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டி வரலாமா என்று இருந்தது. கதவு மூடியது.

திரையில் 'பார்வையாளர்: 1' என்று வந்தது. சராசரி: 3.

பாடகிக்கு இப்போது புன்னகை இல்லை. தாளம் போடும் கையும் தளர்ந்திருந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஒரே ஒரு அம்மாள். மூன்று என்றால் சட்டையில் எறும்பு ஊர்வதைப் போலத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் மகளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததிலேயே அவருக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும்.

நாலு. ஏழு.

"இது எப்படி ஏறுது? யாரும் உள்ள வரலையே" என்றார் ஜெபக்கனி.

"சராசரி ஏறுது மேடம்."

"யாரோட சராசரி?"

"அவங்களோடதுதான். உள்ள அவங்க ஒருத்தர்தானே? அவங்க ரசிக்க ரசிக்கச் சராசரி ஏறும். சராசரி ஏற ஏறச் சட்டை கூடக் கொடுக்கும். கூடக் கொடுத்தா இன்னும் ரசிப்பாங்க."

பதினைந்து. இருபத்தெட்டு. ஜெபக்கனி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மத்தவங்களைவிட அதிகமா ரசிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றார்.

"மத்தவங்க யாரும் இல்லையே மேடம்."

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு. எழுபது. முத்தரசிக்கு எங்கள் திரை தெரியாது, ஆனால் அம்மாவின் முகம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் வாசித்ததை நான் என்னவென்று சொல்வேன்! முப்பது வருஷம் மைக் செட் பார்த்த இந்தக் காது அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. பாடகியின் கை தன்னாலேயே சுறுசுறுப்பானது. பிரம்மசக்தி அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று, முடிவாக வாசிக்கும் கோர்வை முடியும்போது தொண்ணூற்றேழு. கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை.

காபி சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள். சராசரி மறுபடி முப்பத்தைந்து ஆயிற்று.

கச்சேரி முடிந்ததும் பாடகி முத்தரசியிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினார். பிரம்மசக்தி அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். பிறகு படபடவென்று கையசைத்தார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

முத்தரசி மூக்கை உறிஞ்சினாள். "இவ்ளோ நல்லா வாசிப்பேன்னு ஏன்டி இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லலன்னு திட்டறாங்க. எனக்கே தெரியாதேன்னேன்."

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜெபக்கனியின் அறிக்கை வெளியானது. 'பதினெட்டாம் தேதி, தனி ஆவர்த்தனம், மண்டபச் சராசரி 97.' இந்த மாநிலத்தில் இதுவரை யாருக்கும் எழுபதைத் தாண்டியதில்லை. சராசரியில் எத்தனை பேர் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. பத்திரிகைகள் எழுதின. சபாக்கள் போன் செய்தன. சப்தரிஷி, தான் அன்று உள்ளே உட்கார்ந்து கேட்டதாகவும் மெய்சிலிர்த்ததாகவும் ஒரு பேட்டியில் சொன்னார். முத்தரசியை அடுத்த வருஷம் ஆறரை மணிக்கு ஏற்றினார்.

ஜெபக்கனி நேர்மையானவர். கேன்டீன் ஸ்பீக்கர் நின்றுபோனதையும் அறிக்கையில் எழுதியிருந்தார். அதனால் சட்டத்தில் இன்னொரு திருத்தம் வந்தது. இனிமேல் டிக்கெட் வாங்கியவர் எங்கே போனாலும் கணக்கில் உண்டு, வீட்டுக்கே போனாலும் சரி. எந்த வயரை உருவியும் பிரயோஜனம் இல்லை.

அடுத்த டிசம்பர் ஆறரை மணிக் கச்சேரிக்கு அறுநூற்றிருபது பேர். மண்டபம் நிரம்பி வழிந்தது. பிரம்மசக்தி அம்மாள் பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் சட்டையைப் போட்டு ஏழாம் எண்ணில் உட்கார்ந்தார். ஜெபக்கனி என் பக்கத்தில். சராசரி முப்பத்தொன்று. தொண்ணூற்றேழு வாங்கிய பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் அது. பார்த்தாயிற்று. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்தார்கள்.

இருபது. பதினொன்று. பிரம்மசக்தி அம்மாள் ஒரு முறை சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு அதைக் கழற்றி, தையல் மடிப்புக் கலையாமல் மடித்து, இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தார். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்தார். மேடையில் முத்தரசி அதைப் பார்த்தாள். வாசிப்பை நிறுத்தவில்லை.

நான் அறையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். கேன்டீன் வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, பொண்ணு உள்ள வாசிக்குது! நீங்களே எழுந்து வந்தா எப்படி?" வாயை நன்றாக அசைத்துத்தான் கேட்டேன். கோபத்தில் கத்தியும்விட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் போனை எடுத்து நிதானமாகத் தட்டினார்.

'உள்ள இருந்தா இவங்களுக்குக் கேக்கது மட்டுந்தான் எனக்கும் கேக்கும் அண்ணாச்சி. போன வருசம் கேட்டது அழிஞ்சு போயிரும்.'

படித்துவிட்டு நிமிர்ந்தேன். வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

அறைக்குத் திரும்பியபோது ஜெபக்கனி அறிக்கையை எழுதி முடித்திருந்தார். சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். ஏழாம் எண் இருக்கைக்கு நேராக இப்படி இருந்தது: 'தனி ஆவர்த்தனத்தின்போது மற்ற ரசிகர்களைப் போலவே எழுந்து கேன்டீனுக்குச் சென்றார். வேறுபாடு இல்லை. சட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறியது.'

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.